அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு இல்லை. சிங்கப்பூரில் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைத்தால் என்னென்ன எதிர்பார்க்கலாம்?

முதலில் மனத்தைத் தயார்படுத்த வேண்டியது காத்திருப்புக்குத்தான். ஒரே நாளில் முழுப் பல்லோடு வீடு திரும்புவது எல்லாருக்கும் நடக்காது. தாடை எலும்பில் சின்ன டைட்டேனியம் திருகைப் பதிக்கிறார்கள். எலும்பு அதை இறுகப் பற்றிக்கொள்ள பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். அப்புறம்தான் மேலே பல்லைப் பொருத்துவார்கள். பல் விழுந்து பல வருடம் ஆகியிருந்தால் எலும்பு தேய்ந்திருக்கும். எலும்புத் தூள் வைத்து நிரப்ப வேண்டி வந்தால் இன்னும் சில மாதம் கூடும்.

வலியை நினைத்து அம்மா பயப்பட வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள். அழுத்தமும் அதிர்வும் மட்டும் தெரியும். இரண்டு மூன்று நாள் கன்னம் வீங்கலாம். அந்த நாள்களில் ஆறிய கஞ்சி, குழைந்த தயிர்சாதம் கொடுங்கள். முதல் நாள் வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது.

சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை கூடியவர்களுக்கும் இம்பிளான்ட் பிடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். அதை மறைப்பது ஆபத்து.

செலவு ஒரு பல்லுக்கே சில ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அறுவை சிகிச்சைப் பகுதிக்கு வரம்புக்கு உட்பட்டு மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம், அதுவும் அங்கீகாரம் பெற்ற கிளினிக்கில்தான். ஸ்கேன், எலும்பு நிரப்புதல், திருகின் மேலே பொருத்தும் பல் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.