ஒரே சோலோவை இரண்டு முறை

அன்புள்ள ஐயா,

'யு.கே.' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் ஆல்பத்தை அண்மையில் கேட்டு அசந்துபோனேன். இத்தனை பெரிய கலைஞர்கள் நால்வர் ஒரே ஆல்பத்தோடு பிரிந்தது ஏன்? ஆணவம்தானே காரணம்? எல்லாம் வீணாய்ப் போனதே என்று ஆத்திரமாக வருகிறது. டிரம்ஸில் பில் புரூஃபோர்டா, பின்னர் வந்த டெரி போஸியோவா, யார் மேல்? அடுத்து எதைக் கேட்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு வாரமாக 'யு.கே.'யின் முதல் ஆல்பத்தில் வாசித்த ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தின் கிட்டாரையே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

புரூஃபோர்டா போஸியோவா என்பது பட்டிமன்றக் கேள்வி. அதை விட்டுவிடுங்கள்.

ஆணவம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு உடைந்த குழுக்கள் எல்லாவற்றின் கதையையும் முடித்துவிடுகிறோம். கிங் கிரிம்சன் என்ற ராக் குழு 1974-இல் கலைந்த பிறகும் அதன் பாஸ் கலைஞரும் பாடகருமான ஜான் வெட்டனுக்கும் டிரம்ஸ் வாசித்த புரூஃபோர்டுக்கும் சேர்ந்து வாசிக்கும் ஆசை அடங்கவில்லை. 1977-இல் ஆளுக்கொருவரை அழைத்துவந்தார்கள். வெட்டன் வழியாக வந்தவர் கீபோர்டும் வயலினும் வாசித்த எடி ஜாப்சன். புரூஃபோர்ட் வழியாக வந்தவர் ஹோல்ட்ஸ்வொர்த். 1978-இல் ஆல்பம் வெளிவந்தது. அந்த ஆண்டின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தோடு நால்வர் குழு முடிந்தது.

ஜாப்சனின் இசை திட்டமிட்டுக் கட்டி எழுப்பிய இசை. கீபோர்டும் வயலினும் அதனதன் இடத்தில் நிற்கும். ஆல்பத்தில் உள்ள கிட்டார் சோலோ, அதாவது தனி வாசிப்பு, மேடையிலும் அப்படியே வரவேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். ஹோல்ட்ஸ்வொர்த்தால் அது ஆகவில்லை. அந்தந்த நொடியில் தோன்றுவதுதான் அவருக்கு வாசிப்பு. நேற்று தோன்றியதை இன்று ஒப்பிக்கச் சொன்னால் அவர் கை ஓடாது. இளமையில் அவர் ஆசைப்பட்டது சாக்ஸபோனுக்கு, கைக்கு வந்தது கிட்டார். 'இன் த டெட் ஆஃப் நைட்' பாடலின் சோலோவைக் கவனியுங்கள். ஒவ்வொரு சுரத்தையும் மீட்டாமல், இடது கை விரல்களால் தந்தியைத் தட்டியே சுரங்களை எழுப்புகிறார். இரண்டு சுரங்களுக்கு நடுவே விளிம்பே தெரியாது. யாரோ மூச்சுவிடாமல் ஊதுவதுபோல் இருக்கும்.

கல்லூரி விடுதியில் ஒரு நண்பன் கொடுத்த கேசட்டில்தான் முதலில் கேட்டேன். பிரதியிலிருந்து எடுத்த பிரதி, பாட்டைவிட இரைச்சல் அதிகம். நாடா சுருள் பிரியும்போதெல்லாம் பென்சிலைச் செருகிச் சுற்றுவேன். அந்த சோலோவின் கடைசி வளைவு வரை எனக்கு மனப்பாடம், குளிக்கும்போதுகூட முணுமுணுப்பேன். பல ஆண்டுகள் கழித்து அந்த 1978 பயணத்தின் கச்சேரிப் பதிவு ஒன்று கிடைத்தது. அதே பாட்டு வந்தது. சோலோவின் இடமும் வந்தது. வந்தது வேறு சோலோ! என் வீட்டுப் பொருளை யாரோ இடம் மாற்றி வைத்துவிட்டதுபோல் கோபம் வந்து, பாதியில் நிறுத்தினேன். அன்றிரவு தூக்கம் வராமல் மறுபடி போட்டேன். நான்காவது முறைதான் அவர் போன வழி காதுக்குப் பிடிபட்டது.

ஜாப்சன் கேட்டதைத்தானே நானும் கேட்டேன்? அந்த சோலோவின் மேல் வைத்த பிரியத்தால் கேட்டேன். அவரும் அப்படித்தான் கேட்டிருப்பார். மறுத்தவருக்கும் இசையின் மேல் இருந்தது பிரியம்தான். இதில் ஆணவம் எங்கே வந்தது? இனி அந்தச் சொல்லை எழுதுமுன் ஒரு கணம் யோசியுங்கள்.

வீணாகவும் போகவில்லை. புரூஃபோர்டும் ஹோல்ட்ஸ்வொர்த்தும் 1979-இல் 'ஒன் ஆஃப் எ கைண்ட்' ஆல்பத்தைத் தந்தார்கள். மற்ற இருவரும் 'யு.கே.' பெயரிலேயே போஸியோவைச் சேர்த்துக்கொண்டு, கிட்டார் கலைஞரே இல்லாமல் 'டேஞ்சர் மணி'யைத் தந்தார்கள். டோக்கியோவில் பதிவான 'நைட் ஆஃப்டர் நைட்' கச்சேரி ஆல்பமும் அதே ஆண்டுதான். 1980-இல் அதுவும் கலைந்தது. ஜாப்சனுக்கு நீண்ட இசைக்கோவைகள் வேண்டும், வெட்டனுக்குச் சிறிய பாட்டுகள் வேண்டும். வெட்டன் பின்னர் சேர்ந்த 'ஏஷியா' குழுவின் முதல் ஆல்பம் 1982-இல் அமெரிக்க ஆல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வெட்டனும் ஹோல்ட்ஸ்வொர்த்தும் 2017-இல் சில மாத இடைவெளியில் காலமானார்கள்.

அடுத்து எதைக் கேட்பது என்கிறீர்கள். அடுத்த ஆல்பத்துக்கு இப்போது போகவேண்டாம். அதே முதல் ஆல்பத்தில் 'நெவர்மோர்' இருக்கிறது. அதன் தொடக்கத்தில் ஹோல்ட்ஸ்வொர்த் அக்கூஸ்டிக் கிட்டாரைத் தனியாக வாசிக்கிறார். விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு எழுதுங்கள்.