ஆர்பிஎம் கோப்பை டெப் ஆக மாற்றி உபுண்டுவில் நிறுவலாமா?

கையில் இருப்பது ஃபெடோரா, ரெட்ஹேட் வகை லினக்ஸுக்கான நிறுவல் பொதியான ஆர்பிஎம், ஓடுவது டெப் வகைப் பொதி கேட்கும் உபுண்டு, ஏலியன் என்ற கருவியில் மாற்றிப் போட்டுக்கொண்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். நானும் பல தடவை போட்டிருக்கிறேன், அதில் ஒரு தடவை உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவியான ஏப்டி மொத்தமும் முரண்டு பிடித்து உட்கார்ந்துவிட்டது, அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

முதலில் 'ஏப்டி சர்ச்' போட்டு அந்த மென்பொருள் உபுண்டுவின் இணையக் களஞ்சியத்திலேயே வேறு பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபெடோரா பக்கம் '-டெவெல்' என்று முடியும் பொதி இங்கே '-டெவ்' என்று முடியும், இந்த மாதிரி பெயர்க் குழப்பத்தில்தான் பல பேர் இல்லாத பொதியைத் தேடி அலைகிறார்கள்.

இல்லவே இல்லை என்றால் சரி, ஏலியன். 'சூடோ ஏலியன்' என்று அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் டெப் வந்துவிடும். எதிர்த்திசையில் போக '--டு-ஆர்பிஎம்'. வெளியே வரும் கோப்பில் 1.0-1 என்பது 1.0-2 ஆகியிருக்கும், பயப்படாதீர்கள், கடைசி எண்ணில் ஒன்று கூட்டுவது அதன் வழக்கம்; பிடிக்கவில்லை என்றால் '--கீப்-வெர்ஷன்' கொடுங்கள்.

ஆனால் மாறுவது பெட்டி மட்டும்தான். ஆர்பிஎம்முக்குள் கோப்புகள் சிபிஐஓ வடிவில் கட்டப்பட்டிருக்கும். டெப் என்பது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் ஏஆர் காப்பகம், அதற்குள் மூன்றே உருப்படி: '2.0' என்று மட்டும் எழுதிய ஒரு குட்டிக் கோப்பு, விவரங்கள் அடங்கிய ஒரு டார் கட்டு, நிஜமான கோப்புகள் உள்ள இன்னொரு டார். ஏலியன் ஆர்பிஎம்மிலிருந்து எடுத்து டெப்பில் வைக்கிறது. ஃபெடோராவுக்காகக் கட்டியவர் நூலகங்களை (மென்பொருள் ஓடத் தேவையான துணைக் கோப்புகளை) 'லிப்64' அடைவில் வைத்திருந்தால் அவை அப்படியே அங்கேயே போய் உட்காரும், உபுண்டுவோ அவற்றைத் தன்னுடைய வேறு அடைவில் தேடிவிட்டுக் காணோம் என்று கைவிரிக்கும். 'எல்டிடி' போட்டுப் பார்த்தால் எது காணோம் என்று வரிசையாகத் தெரியும்.

சார்புகள், அதாவது ஒரு மென்பொருள் ஓடுவதற்குத் தேவையான மற்ற பொதிகள், விஷயம் இன்னும் மோசம். மூலப் பொதி என்னென்ன கேட்டதோ அந்தப் பட்டியல் டெப்புக்கு வராது, பைனரிகள் (இயங்கு கோப்புகள்) எந்தெந்தப் பகிர்வு நூலகங்களோடு இணைந்திருக்கின்றன என்று பார்த்துதான் புதிதாக எழுதப்படும். வெறும் பைத்தான் ஸ்கிரிப்டாக இருந்தால் பார்க்கவே ஒன்றும் இல்லை, நிறுவும்போது சத்தமே வராது, ஓட்டும்போதுதான் பிழையாகக் கொட்டும். அதனால் மாற்றுவதற்கு முன்னால் 'ஆர்பிஎம் -கியூபி --ரிக்வயர்ஸ்' போட்டு அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏலியனை நிறுவும்போதே ஆர்பிஎம் கட்டளையும் கூடவே வந்துவிடும்.

இப்போது என் கதை. ஒரு பிரிண்டர் டிரைவர், ஆர்பிஎம் மட்டும்தான் கிடைத்தது. ஏலியன் நல்ல பிள்ளையாக, பொதியை நிறுவும்போதும் நீக்கும்போதும் தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளை விட்டுவிடுகிறேன், வேண்டுமென்றால் '--ஸ்கிரிப்ட்ஸ்' கொடு என்றது. நான் அதிபுத்திசாலி, கொடுத்தேன். நிறுவிய பின் ஓடும் ஸ்கிரிப்டின் கடைசி வரி 'செக்கன்ஃபிக்' கட்டளையை அழைத்தது, அது சேவைகளைத் தானாகத் தொடங்கவைக்கும் ரெட்ஹேட் வகையறாவின் சமாச்சாரம், என் கணினியில் கிடையாது. பிழை எண் 127, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பொருள். பொதி பாதி நிறுவிய நிலையில் நின்றுவிட்டது, அதற்கப்புறம் ஏப்டியில் எதை நிறுவினாலும் கடைசியில் இதே பிழைதான். நீக்கப் போனால் நீக்கும் ஸ்கிரிப்டும் அதே செக்கன்ஃபிக்கைத் தேடியது!

கடைசியில் '/வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ' அடைவுக்குப் போய், அந்தப் பொதியின் பெயரில் இருந்த 'போஸ்ட்இன்ஸ்ட்', 'ப்ரீஆர்எம்' என்ற இரண்டு கோப்புகளிலும் முதல் வரிக்குக் கீழே 'எக்ஸிட் 0' என்று எழுதி, ஏப்டிக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜி கருவியை 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' என்று ஓடவிட்ட பிறகுதான் நீக்கவே முடிந்தது. ஆகவே '--ஸ்கிரிப்ட்ஸ்' வேண்டாம். அதே ஆர்பிஎம் கட்டளைக்கு '-கியூபி --ஸ்கிரிப்ட்ஸ்' கொடுத்தால் ஸ்கிரிப்டு எதையும் ஓட்டாமல் திரையில் காட்டும், தேவையான வரியை நீங்களே கையால் செய்துகொள்ளலாம்.

டெப் வந்த பிறகு 'டிபிகேஜி --கன்டென்ட்ஸ்' போட்டு எது எங்கே போகப்போகிறது என்று பாருங்கள். அப்புறம் 'ஏப்டி இன்ஸ்டால்' மூலமே நிறுவுங்கள், சார்புகளை அது இழுத்துக்கொள்ளும். ஆனால் கோப்பின் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெயரைக் களஞ்சியத்தில் தேடப் போய்விடும். லிப்சி, இனிட் மாதிரி கணினியின் உயிர்நாடிப் பொதிகளை மட்டும் இப்படி மாற்றிப் போட்டுவிடாதீர்கள், ஏலியனின் கையேடே வேண்டாம் என்கிறது.

உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பைனரி என்றால் நிறுவவே வேண்டாம். ஒரு காலி அடைவில் நின்றுகொண்டு, 'ஆர்பிஎம்2சிபிஐஓ' வெளியீட்டைப் பைப் (|) வழியாக 'சிபிஐஓ -ஐடிஎம்வி'க்கு அனுப்புங்கள், எல்லாம் அங்கேயே விரியும், அங்கிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். சரிவரவில்லை என்றால் அந்த அடைவை அழித்துவிட்டால் ஆயிற்று, ஏப்டிக்குத் தெரியவே தெரியாது.