மேட்டில் இழுக்காத மைவி காருக்கு முதலில் என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். ஈப்போவில் தாதி வேலை. மாமாவிடம் வாங்கிய 2009 பெரோடுவா மைவி 1.3 ஆட்டோ கியர் கார் ஓட்டுகிறேன். இரவு வேலை முடிந்து மழையில் வரும்போது வளைவில் கார் வழுக்குகிற மாதிரி இருக்கிறது. போன மாதம் அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை போனேன், மேட்டில் இழுக்கவே இல்லை. ஓப்பன் ஃபில்டர் (பெட்டியில்லாமல் திறந்தபடி மாட்டும் காற்று வடிகட்டி), பெரிய எக்ஸாஸ்ட், 16 இஞ்சு ஸ்போர்ட் ரிம் போட்டால் பிக்கப் வரும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். கையில் 2,500 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. போடலாமா?

பதில்: இந்த மூன்றும் வேண்டாம் தங்கச்சி. அந்தப் பணத்தைச் செலவழிக்க இதைவிட நல்ல இடங்கள் உங்கள் காரிலேயே இருக்கின்றன.

புதிதாக வந்தபோது அந்த 1.3 எஞ்சினுக்கு ஏறக்குறைய 87 குதிரைத்திறன். அது சின்ன எஞ்சின்தான். ஆனாலும் நாலு பேரை ஏற்றிக்கொண்டு கேமரன் மலை ஏற அது போதும். இழுக்கவே இல்லை என்றால், இருந்த சக்தி எங்கோ தொலைகிறது. முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தோட்டத்துக் கார்களில் நான் முதலில் திறந்து பார்ப்பது காற்று வடிகட்டியைத்தான். செம்பனை லாரி போகும் செம்மண் சாலையில் தினமும் ஓடும் காரின் ஃபில்டரைக் கழற்றித் தரையில் ஒரு தட்டுத் தட்டினால், மிளகாய்த்தூள் கொட்டின மாதிரி சிவப்பாகக் கொட்டும். நகரத்துக் காருக்குச் சொல்லும் சர்வீஸ் கணக்கு நமக்குப் பொருந்தாது. 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் எப்போது மாற்றியது என்று மாமாவுக்கு ஞாபகம் இல்லையென்றால், யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்த கறையையும் அதே நாளில் துடைத்துவிடச் சொல்லுங்கள். கியர் எண்ணெய் நிறம் மாறிக் கருகிய வாடை வந்தால் அதுவும் மாற வேண்டும்.

அடுத்தது, பலர் கவனிக்காமல் விடுவது: பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக். வயதான காரில், பிரேக் பேட்டைத் தட்டோடு அழுத்தும் காலிப்பரில் இருக்கும் ‘பின்’ என்ற சிறு கம்பி துருப்பிடித்து இறுகிவிடும். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் தட்டை உரசிக்கொண்டே இருக்கும். எஞ்சின் பாதி நேரம் தன் பிரேக்கோடு மல்லுக்கட்டும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் காரை நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம், சுட்டுவிடும். முன் சக்கரம் இரண்டில் ஒன்று மட்டும் அனலாக வீசினால் ஆள் அகப்பட்டுவிட்டான். அந்தப் ‘பின்’ கம்பியை எடுத்துத் துடைத்து, அதற்கான கிரீஸ் போட்டால் போதும், செலவு சொற்பம்.

காரின் பின்பக்கச் சாமான் பெட்டியையும் (பூட்) திறந்து பாருங்கள். இந்த மைவி ஏறக்குறைய 950 கிலோ எடை. மாமா வைத்த சப்வூஃபர் பெட்டி, பழைய டயர், தண்ணீர் டின் என்று ஐம்பது கிலோ கிடந்தால் அது காரின் எடையில் இருபதில் ஒரு பங்கு. இறக்கி வையுங்கள். செங்குத்தான மேட்டில் ஏர்கானை ஐந்து நிமிடம் அடைத்தால், கம்ப்ரசர் தின்னும் சக்தியும் சக்கரத்துக்கு வரும். கேமரன் மேட்டில் அம்மாவுக்கும் அது வேண்டியிருக்காது.

இனி ஓப்பன் ஃபில்டர். அதைப் போட்டால் சத்தம் மாறும், அந்தச் சத்தத்தைக் கேட்டு வேகம் கூடியதாக மனது நம்பிவிடும். உங்கள் காரில் இப்போது இருக்கும் ஃபில்டர் பெட்டி, எஞ்சின் சூட்டிலிருந்து விலகி வெளிக்காற்றை இழுக்கும்படி செய்யப்பட்டது. அதைக் கழற்றி எறிந்தால், பானெட்டுக்குள் கொதிக்கிற காற்றைத்தான் எஞ்சின் குடிக்கும். காற்று மூன்று டிகிரி சூடானால் அதன் அடர்த்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். முப்பது டிகிரி கூடினால் பத்தில் ஒரு பங்கு காற்றே காணாமல் போகும். அதோடு, மலிவான ஓப்பன் ஃபில்டர் வழியாக நுழையும் நுண்ணிய செம்மண் தூசி, சிலிண்டர் சுவரை உப்புத்தாள் போலத் தேய்க்கும். எனக்கு இதில் சமரசமே கிடையாது: தோட்டத்துச் சாலையில் ஓடும் காருக்கு ஓப்பன் ஃபில்டர் கூடாது.

பெரிய எக்ஸாஸ்ட்டால் சின்ன எஞ்சினில் கீழ் இழுவை, அதாவது எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கிடைக்கும் இழுவை, குறைவதுதான் வழக்கம். மேட்டில் உங்களுக்கு வேண்டியது அந்த இழுவைதான். 1987-ஆம் ஆண்டின் வாகன இரைச்சல் விதிமுறைகள் வேறு இருக்கின்றன, சம்மன் வந்தால் அதுவும் உங்கள் 2,500-இலிருந்துதான் போகும். விலை கூடிய ரோன் 97 பெட்ரோலும் தேவையில்லை, இந்த எஞ்சினுக்கு ரோன் 95 பெட்ரோலே போதும். பெட்ரோல் நிலையத்தில் ரோன் 95-இன் மஞ்சள் கைப்பிடியையே எடுங்கள். சக்தி கூடும் என்று விற்கும், பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், பேட்டரியில் மாட்டும் பெட்டி எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மேடு இல்லை, மழையில் வழுக்குவதுதான். பணத்தின் பெரும்பகுதி டயருக்குப் போகட்டும். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பொட்டு, அதாவது டயரின் வரிப்பள்ளத்தின் ஆழம், நிறைய இருந்தாலும், வயதான ரப்பர் இறுகிப்போய் ஈரச் சாலையைப் பிடிக்காது. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பொட்டு இருந்தால் போதும் என்றாலும், நம்ம ஊர் மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்வேன். செகண்ட் ஹேண்ட் டயர் பக்கம் போகவே வேண்டாம்.

டயர் அளவு 175/65 ஆர்14 (அகலம் 175 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 14 இஞ்சு) அப்படியே இருக்கட்டும். அதன் பக்கச்சுவர் உயரம் 114 மில்லிமீட்டர். 16 இஞ்சுக்கு வழக்கமாகப் போடும் 195/45-இல் அது 88தான். அந்த இருபத்தாறு மில்லிமீட்டர்தான் தோட்டத்துக் குழியில் ரிம் வளையாமல் காப்பது. பெரிய ரிம்மும் டயரும் பெரும்பாலும் கனமாக இருக்கும், சுற்றுவதற்கே எஞ்சின் கூடுதலாக உழைக்கும். அழகுக்காக 15 இஞ்சு வேண்டுமென்றால் 185/55 ஆர்15 போடுங்கள், வெளி விட்டம் ஏறக்குறைய ஒன்றேதான், வேக மீட்டர் கணக்கு மாறாது. நல்ல 14 இஞ்சு டயர் நான்கும் ஆயிரம் வெள்ளிக்குள் முடியும். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் விடாதீர்கள். காற்றழுத்தம் ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டிய தாளில் இருக்கிறது. டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

பிரேக் எண்ணெய் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் கேமரனிலிருந்து தாப்பா பக்கம் இறங்கும்போது, கியரை டி-யிலேயே விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் பெடல் பஞ்சு போல இறங்கித் தரையைத் தொட்டது. கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, கியரைக் குறைத்து, ஓரத்து மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். பின்னால் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ரக பிரேக் எண்ணெய் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அது 140 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி அடைக்கும், அதன் பிறகு பெடலை எவ்வளவு மிதித்தும் பயனில்லை. டாட் 4 ஈரமானாலும் 155 தாங்கும். அதை ஊற்றுங்கள், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள், முன் பேட்டையும் பாருங்கள். இறக்கத்தில் கியரை 2-க்கு இறக்கிவிடுங்கள்.

மிச்சப் பணத்தில், குலுக்கலை அடக்கும் அப்சோர்பர். எண்ணெய் கசிந்திருந்தால் அதே உயரத்தில் புதியதாகப் போடுங்கள். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவது நம் சாலைக்கு ஆகாது. இரவில் ஓட்டுவதால், மஞ்சள் படிந்த முன் விளக்குக் கண்ணாடியைப் பாலிஷ் செய்து, நல்ல எச்4 பல்பு மாட்டுங்கள். சாலையோரத்தில் நிற்கும் மாடு முன்கூட்டியே தெரியும்.

புது டயர் முதல் இரண்டு மூன்று நூறு கிலோமீட்டருக்கு முழுப் பிடியைத் தராது, அதுவரை மழையில் மெதுவாக ஓட்டுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் மேட்டில் இழுக்கவில்லை என்றால், பட்டறையில் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் சோதனை (ஒவ்வொன்றிலும் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று அளப்பது) செய்யச் சொல்லி, அந்த நான்கு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.