பிலாத்துவின் முன் நின்ற அரசர்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கிறிஸ்து அரசர் பெருவிழா ஆதித் திருச்சபையிலேயே இருந்ததா?

பதில்: இல்லை. நம்பிக்கை பழையது, விழா புதியது. 1925 டிசம்பரில் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் ஏற்படுத்தினார். அப்போது முதல் உலகப் போரில் பேரரசுகள் சரிந்திருந்தன. இத்தாலியில் முசோலினியின் கை ஓங்கியிருந்தது. முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறு. 1969 சீர்திருத்தத்தில்தான் திருவழிபாட்டு ஆண்டின், அதாவது திருச்சபையின் வழிபாட்டு நாட்காட்டியின், கடைசி ஞாயிறுக்கு மாறியது.

கேள்வி: "என் ஆட்சி இவ்வுலகைச் சார்ந்ததல்ல" என்று இயேசுவே சொல்லிவிட்டாரே. அப்புறம் நம் அன்றாட வாழ்க்கையில் அவருக்கு என்ன ஆட்சி?

பதில்: யோவான் நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தை அதோடு நிறுத்தாமல் படியுங்கள். இவ்வுலக ஆட்சியாக இருந்தால் என் ஆட்கள் போராடியிருப்பார்கள் என்கிறார். அதாவது படைபலத்தால் நடக்கும் ஆட்சி அல்ல. அப்படியானால் நீ அரசன்தானே என்று, அவரை விசாரித்த ரோமை ஆளுநர் பிலாத்து மடக்கும்போது, உண்மைக்குச் சாட்சி சொல்லவே பிறந்தேன் என்று பதில் வருகிறது. அப்பம் பெருகிய பிறகு மக்கள் பிடித்து அரசராக்கப் பார்த்தபோது தனியே மலைக்குப் போய்விட்டவர் இவர் (யோவான் 6:15). கைதியாக நிற்கும்போதுதான் அரசுரிமையைப் பற்றிப் பேசுகிறார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

பிலாத்துவையும் கவனியுங்கள். உண்மையா, அது என்ன என்று கேட்டவன் பதிலுக்கு நிற்காமல் வெளியே போகிறான். இவரிடம் குற்றமில்லை என்று மூன்று முறை அவனே சொல்கிறான். உண்மை தெரியாமல் இல்லை. இவரை விடுவித்தால் நீர் ரோமைப் பேரரசர் சீசரின் நண்பர் அல்ல என்ற ஒரே மிரட்டலில் அதைக் கைவிட்டான். பதவிக்குப் பயந்து கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு இந்தக் கதை புரியும்.

கேள்வி: ஓர் உயிரைக் காப்பாற்றப் பொய் சொன்னால் பாவமா, அண்ணா?

பதில்: இது திருச்சபையில் பழைய வாதம். எந்தப் பொய்யும் கூடாது என்றார் புனித அகுஸ்தீன். ஆனால் எகிப்து மன்னன் பார்வோனிடம் சாக்குச் சொல்லிக் குழந்தைகளைக் காப்பாற்றிய மருத்துவப் பெண்களுக்குக் (பிரசவம் பார்த்தவர்கள்) கடவுள் நன்மை செய்ததாக விடுதலைப் பயண நூல் சொல்கிறதே? அவர்களுடைய இரக்கத்துக்குத்தான் பரிசு, பொய்க்கு அல்ல என்பது அகுஸ்தீனின் விளக்கம். கத்தோலிக்க மறைக்கல்வியின்படி, தெரிந்துகொள்ள உரிமை இல்லாதவரிடம் உண்மையை வெளியிடும் கடமை யாருக்கும் இல்லை. வாயை மூடிக்கொள்ளலாம் என்று பொருள்; கதை கட்டலாம் என்று அல்ல.

கேள்வி: விசுவாசம் வளரட்டும் என்று வாட்ஸ்அப்பில் வரும் அற்புதச் செய்திகளை அனுப்பலாமா?

பதில்: விசாரித்தீர்களா? இல்லையென்றால் வேண்டாம். கடவுளுக்காகப் பொய் பேசுவீர்களா என்று விவிலியத்தின் யோபு நூலில் யோபு தன் நண்பர்களைக் கேட்கிறார் (13:7). ஏற்கெனவே அனுப்பியது பொய் என்று தெரிந்தால், அதே குழுவில் சொல்லிவிடுங்கள்.