கடைசிப் பத்து நிமிடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலகத்தில் ஒரு பெரிய திட்டம் முடியும் கட்டத்தில் இருக்கிறது. இன்னும் இரண்டரை மாதம் இப்படித்தான் போகும். இரவு பத்தரைக்கு மடிக்கணினியை மூடுகிறேன், படுக்க 12 மணி ஆகிவிடுகிறது. படுத்தாலும் முடிக்காத வேலைகள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. காலை 5 மணிக்கு எழுந்து நடை, மூச்சுப்பயிற்சி, நாட்குறிப்பு என்று போன மாதம் ஓர் அட்டவணை போட்டேன். நாலே நாளில் விட்டுப்போயிற்று. இப்போது அலுப்போடு குற்றவுணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. ஒரே ஒரு சின்ன மாற்றம்தான் முடியும் என்றால் எதை மாற்றலாம்? இல்லை, திட்டம் முடியும்வரை எதையும் தொடாமல் இருப்பதுதான் நல்லதா?

க.

அன்புள்ள க.,

அட்டவணை நின்றுபோனதற்கு உங்கள் மன உறுதியைக் குறை சொல்லாதீர்கள். கணக்கே உதைக்கிறது. 12 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்தால் 5 மணி நேரம். தூக்கம் வரப் பிடிக்கும் நேரத்தைக் கழித்தால் நாலரைகூடத் தேறாது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தொடர்ந்து இரவுக்கு 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ மட்டுமே தூங்க விடப்பட்டவர்களின் கவனமும் நினைவும், ஓரிரு இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தன. அந்தச் சரிவு அவர்களுக்கே சரியாகப் புலப்படவில்லை என்பதுதான் இதில் கவலைக்குரிய விஷயம். ஆகவே தூக்கத்திலிருந்து நேரத்தைப் பிடுங்கும் எதுவும், அது நடையானாலும் நாட்குறிப்பானாலும், இந்த இரண்டரை மாதத்துக்கு வேண்டாம்.

காலையை விட்டுவிடுங்கள். மாற்றத்தை வேலை முடிகிற இடத்தில் வையுங்கள். மடிக்கணினியை மூடுவதற்கு முந்தைய 10 நிமிடத்தை, அன்றைய வேலையைக் கட்டிவைப்பதற்கென்று ஒதுக்குங்கள். பத்தரை மணி 10:40 ஆகக்கூடாது. 10:20க்கே வேலையை நிறுத்த வேண்டும்.

ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் போதும். செல்பேசியில் எழுத வேண்டாம், எடுத்த கையோடு நாலு செய்தி கண்ணில் படும். முதலில் மின்னஞ்சலையும் அரட்டைச் செயலியையும் மூடுங்கள். பிறகு 3 நிமிடம், மனதில் கிடக்கும் பாக்கி வேலைகளை வரிக்கு ஒன்றாகக் கொட்டுங்கள். வரிசை, முக்கியத்துவம் எதையும் யோசிக்காதீர்கள். அடுத்த 3 நிமிடம், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி: ‘நாளை’, ‘பிறகு’, ‘பிறர் கையில்’. பிறர் கையில் இருப்பது என்றால் யாரிடம், எப்போது கேட்க வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். நள்ளிரவில் நம்மை எழுப்பி உட்காரவைப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான், ஏனென்றால் அதில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை, மறந்துவிடுவோமோ என்ற பயம் மட்டும் இருக்கிறது.

மிச்சமுள்ள 4 நிமிடம் ஒரே ஒரு வரிக்கு. நாளை வந்து உட்கார்ந்ததும் கை முதலில் செய்யப்போகும் வேலை. இந்த வரியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘அறிக்கையை முடிக்க வேண்டும்’ என்று எழுதினால் அது கவலையைத் தாளில் ஏற்றியதோடு சரி. ‘அறிக்கைக் கோப்பைத் திறந்து, மூன்றாம் பகுதியின் இரண்டாவது அட்டவணையில் கடைசி நெடுவரிசையை மூலக் கணக்கோடு ஒப்பிட்டு, பொருந்தாத எண்களுக்கு மஞ்சள் அடிக்க வேண்டும்’ என்று எழுதினால் அது வேலை. கோப்பு எது, இடம் எது, வினைச்சொல் எது என்ற மூன்றும் வரியில் இருக்க வேண்டும். வேறொருவர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால், உங்களிடம் எதையும் கேட்காமல் வேலையைத் தொடங்க முடிய வேண்டும். தாளை விசைப்பலகையின் மேலேயே வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

இது ஏன் பலிக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. முடியாத வேலை மனதைப் பிடித்துவைத்திருக்கும், அதற்கு ஒரு திட்டவட்டமான ஏற்பாடு செய்துவிட்டால், வேலை முடியாவிட்டாலும் பிடி தளரும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. படுக்கும் முன் 5 நிமிடம், பாதிப் பேர் வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள், மீதிப் பேர் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். அவர்களிலும் பட்டியலை விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம் தூங்கினார்கள். சிறிய ஆய்வுதான், ஓர் இரவுக்கு மட்டும் பார்த்ததுதான். ஆனால் நான் அந்த ஒரு வரியில் இவ்வளவு கறாராக இருப்பதற்கு அந்த விவரம்தான் காரணம்.

அதில் படுக்கும் முன் எழுதினார்கள். உங்களை மேசையிலேயே எழுதச் சொல்கிறேன். வேலையை அசைபோட்டுப் பழகிவிட்ட படுக்கைக்கு இன்னொரு தாளையும் கொண்டுபோக வேண்டாம். படுத்தபின் ஏதாவது நினைவுக்கு வந்தால், தலைமாட்டில் ஒரு துண்டுச்சீட்டில் இரண்டு சொல் கிறுக்கிவிட்டுத் திரும்பிப் படுங்கள். விளக்கைப் போடாமல் எழுதக்கூடிய அளவே எழுதுங்கள்.

எங்கே கெடும் என்றும் சொல்லிவிடுகிறேன். பட்டியல் போடும்போது, ‘இது இரண்டு நிமிட வேலைதானே’ என்று ஒன்றைச் செய்யத் தொடங்குவீர்கள். பட்டியல் அங்கேயே நின்றுவிடும், 10:20 என்பது 11:10 ஆகும். எழுதும்போது எதையும் செய்யக்கூடாது, இதில் சலுகை கிடையாது. இன்னொன்று, கடிகாரத்தை மட்டும் நம்புவது. ஒருநாள் கூட்டம் 11 வரை இழுக்கும், 10:20 கடந்துபோயிருக்கும், ‘இன்றைக்குப் போகட்டும்’ என்று தோன்றும். நேரத்தோடு கட்டாமல், எப்படியும் தினமும் செய்கிற ஒரு செயலோடு கட்டுங்கள்: ‘மடிக்கணினியின் மூடியில் கை வைத்தால், முதலில் தாளை எடுப்பேன்.’ கூட்டம் இழுத்த நாளுக்கு 2 நிமிடப் பதிப்பு ஒன்று இருக்கட்டும். பட்டியல் வேண்டாம், அந்த ஒரு வரி மட்டும்.

இடையில் ஒருநாள் விட்டுப்போனால் பதற வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்தபோது, ஒரு புதிய செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒருமுறை தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. உங்களுக்கு இன்னும் 75 நாள் இருக்கிறது. முதல் வாரம் நன்றாகப் போனால் ‘கூடவே நடையையும் சேர்ப்போம்’ என்று ஆசை வரும். தயவுசெய்து சேர்க்காதீர்கள்.

எதையும் தொடாமல் இருக்கலாமா என்று கேட்டீர்கள். நெருக்கடி இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்றால் ‘ஆம்’ என்றிருப்பேன். இரண்டரை மாதம் அப்படி விடக்கூடிய காலம் அல்ல. ஆனால் வண்டி ஓட்டும்போது கண் சொக்குகிறது என்ற நிலை வந்துவிட்டால், பட்டியலால் ஆவது ஒன்றுமில்லை. வண்டியை எடுக்காதீர்கள், அன்று இரவே வேலை நேரத்தைக் குறையுங்கள்.

தாள்களைத் தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள். 5 நாள் தாளை ஒன்றாக விரித்துப் பாருங்கள். ‘நாளை’ என்று குறித்தவை தினமும் 7, 8 இருந்து, முடிந்தவை 3, 4 மட்டுமே என்றால், நாளுக்கு நாள் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது என்று பொருள். அது பழக்கத்தால் தீர்கிற சிக்கல் இல்லை, வேலையின் அளவு ஆளின் அளவை மீறிவிட்டது. அந்த 5 தாளையும் எடுத்துக்கொண்டு உங்கள் மேலாளரிடம் போங்கள். களைப்பைப் பற்றிப் பேச வேண்டாம், அதற்கு ஆறுதல்தான் பதிலாக வரும். தாளை அவர் முன்னால் வைத்து, ‘இந்த எட்டில் எந்த மூன்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம்?’ என்று கேளுங்கள்.