193707721 × 761838257287: எக்செல்லில் கடைசியில் ஆறு பூஜ்யம் வருவது ஏன்?

உங்கள் பெருக்கல் தப்பில்லை, எக்செல் காட்டும் 147573952589676000000 தான் தப்பு. சரியான விடை 147573952589676412927, அதாவது 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1 குறைவு. "அப்படியானால் இது பத்தால் வகுபடுமா?" என்று கேட்டிருந்தீர்கள். வகுபடாது. இரண்டு ஒற்றைப்படை எண்களைப் பெருக்கினால் கடைசியில் பூஜ்யம் எப்படி வரும்?

எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், மிச்சத்துக்குப் பூஜ்யம் போட்டுவிடும். செல்லை அகலமாக்கினாலும் ஃபார்மேட்டை மாற்றினாலும் போன இலக்கம் திரும்பாது.

தாளிலேயே சோதிக்கலாம்:

1. கடைசி இலக்கங்கள் 1, 7. பெருக்கினால் 7, விடையும் 7-இல்தான் முடியவேண்டும்.

2. இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்குங்கள். முதல் எண்ணுக்கு 37, 10, 1. மற்றதற்கு 64, 10, 1. 1 × 1 = 1, அப்போ விடைக்கும் 1 வரவேண்டும். சரியான விடைக்கு 109, 10, 1, சரி. எக்செல் தந்ததற்கு 84, 12, 3, அங்கேயே மாட்டிக்கொண்டது.

ஆனால் இந்த இரண்டாவது சோதனையை முழுசாக நம்பாதீர்கள், நடுவில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது. உறுதியாக வேண்டுமென்றால் பைத்தான் நிரல்மொழியில் பெருக்குங்கள், முழு எண் எவ்வளவு நீளமானாலும் சிதையாது. விடையை அந்த இரண்டில் ஓர் எண்ணால் வகுத்துப் பார்க்கும்போது மட்டும் / வேண்டாம், அது தசமமாக்கிவிடும். % போட்டு மீதி 0 வருகிறதா பாருங்கள்.

இந்த விடை சும்மா ஒரு எண் இல்லை, தெரியுமா? 1644-இல் மெர்சென் என்ற கணித அறிஞர் பகா எண் பட்டியலில் சேர்த்தது, 1876-இல் லூக்கா என்ற கணித அறிஞர் பகு எண் என்று நிறுவியது, ஆனால் நீங்கள் பெருக்கிய அந்த இரண்டு காரணிகளும் 1903-இல்தான் கோல் என்ற கணித அறிஞர் கையில் சிக்கின. எக்செல் இல்லாமல்!