பாதுகாப்பு ஆய்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. முப்பது பேர் வேலை செய்யும் சிறிய இயந்திரப் பட்டறையில் எதை முதலில் சரிசெய்வது?

பெயிண்ட் அடிப்பதையும் பலகை மாட்டுவதையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே ரெஜிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு, இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டறையைச் சுற்றி வாருங்கள். ஆய்வாளரும் அதைத்தான் செய்வார். ஏட்டில் ஒன்றும் தளத்தில் வேறொன்றுமாக இருக்கும் இடங்கள்தான் பெரும்பாலும் மாட்டும்.

தீயணைப்பான் 12 என்று எழுதியிருந்தால் 12-ம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். மீட்டர் முள் பச்சையில் நிற்கிறதா, பாதுகாப்பு ஊசியும் (பின்) சீலும் இருக்கின்றனவா, ஹோஸில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு வகையில் மீட்டரே கிடையாது, எடை போட்டால்தான் தெரியும். உள்ளே இருக்க வேண்டிய வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் சர்வீஸுக்கு அனுப்புங்கள். அது திரும்பி வரும்வரை அந்த இடத்தில் மாற்று ஒன்று இருக்கட்டும்.

வெளியேறும் வழியைக் காலையில் பார்த்துப் பயனில்லை. சரக்கு இறங்கிய பிறகு, மாலையில் பாருங்கள். அட்டைப்பெட்டிகள் அப்போதுதான் கதவை மறைக்கும். அவசர விளக்கைப் பொத்தானை அழுத்திப் பார்த்தால் மட்டும் போதாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதற்குக் குறித்த நேரம் முழுக்க எரிகிறதா என்று பாருங்கள். பழைய பேட்டரி பளிச்சென்று எரிந்து சில நிமிடங்களில் மங்கிவிடும்.

அதிக நேரம் கேட்பது இயந்திரங்கள்தான். பெஞ்ச் கிரைண்டரில் கல்லுக்கும், பொருளைத் தாங்கும் டூல் ரெஸ்டுக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. கல்லுக்கு மேலே இருக்கும் காப்புத் தகட்டுக்கு 6 மி.மீ. கல் தேயத் தேய இடைவெளி கூடும். பொருள் அதில் சிக்கினால் கல்லே உடைந்து தெறிக்கும். கல் முழுதாக நின்ற பிறகுதான் ரெஸ்டை நகர்த்த வேண்டும். கல்லில் அச்சிட்டிருக்கும் வேகம் மோட்டாரின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

இயந்திரத்தின் பாதுகாப்பு மூடி (கார்டு) கழற்றிக் கிடந்தாலோ, மூடி திறந்தால் இயந்திரத்தை நிறுத்தும் லிமிட் சுவிட்சைக் கம்பியால் கட்டியிருந்தாலோ, மாட்டச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஏன் கழற்றினார்கள் என்று அந்தத் தொழிலாளியிடமே கேளுங்கள். உலோகச் சுருள் அடைத்துக்கொள்கிறது, வேலை கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஒரு காரணம் நிச்சயம் இருக்கும். அதைத் தீர்க்காமல் மாட்டிய கார்டு ஆய்வு முடிந்த மறுநாளே கீழே வந்துவிடும். எமர்ஜென்சி ஸ்டாப் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். விடுவித்தவுடன் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கினால் அது பெரிய குறை.

மின் பேனலுக்கு முன்னால் ஒரு மீட்டர் காலியாக இருக்கட்டும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் டிரிப் ஆக வேண்டும்.

ரசாயனங்களில் டிரம்மை விட ஆபத்தானவை, அதிலிருந்து ஊற்றி வைத்த சிறு பாட்டில்கள். குடிநீர் பாட்டிலில் தின்னர் இருந்தால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் அகற்றுங்கள். மாற்றி ஊற்றிய எல்லாவற்றிலும் பெயரும் எச்சரிக்கையும் ஒட்டியிருக்க வேண்டும். ரசாயனத்தின் ஆபத்தையும் முதலுதவியையும் சொல்லும் பாதுகாப்புத் தகவல் தாள்கள் பூட்டிய அலுவலகத்தில் இருந்தால் இரவு ஷிப்டுக்கு எப்படிப் பயன்படும்? அமிலம், காரம் கையாளும் இடமானால், கண் கழுவும் குழாய் பத்து நொடி நடையில் இருந்து, 15 நிமிடம் இடைவிடாமல் நீர் தர வேண்டும். வாரம் ஒருமுறை திறந்துவிடாத குழாயில் முதலில் துருநீர்தான் வரும்.

ரெஜிஸ்டரில் விடுபட்ட மாதங்களுக்குப் பின்தேதி போட்டு எழுதாதீர்கள். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஆறு மாதப் பதிவு: பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதன்பின் உண்மையான பதிவுகளையும் யாரும் நம்பமாட்டார்கள். காலியாக விட்டு, எந்தத் தேதியில் மீண்டும் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள். மூன்று வாரத்தில் முடியாத குறை என்றால், அந்த இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, அட்டை மாட்டி, யார் எப்போது சரிசெய்வார் என்று பதியுங்கள்.

தொழிலாளர்களுக்குப் பதில்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். மணி அடித்தால் எங்கே கூட வேண்டும், இந்த இயந்திரத்தை எப்படி நிறுத்துவது, அடிபட்டால் யாரிடம் சொல்வது என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். தடுமாறினால் அந்த வாரமே ஒத்திகை நடத்தித் தலைகளை எண்ணுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் வருகைப் பட்டியலில் விடுபட்டிருப்பது பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும்.

ஆய்வு நாளன்று பராமரிப்புப் பொறுப்பாளர் கூடவே நடக்கட்டும். ஆய்வாளர் படம் எடுக்கும் இடத்தை நீங்களும் எடுத்துவையுங்கள். தெரியாத கேள்விக்கு, பார்த்துச் சொல்கிறோம் என்று சொல்லி, அன்று மாலைக்குள் பதில் கொடுத்துவிடுங்கள்.